ராபர்ட் பாஷ்

ராபர்ட் பாஷ் (செப்டம்பர் 23, 1861 - மார்ச் 12, 1942) ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளரும் தொழிலதிபரும் ஆவார். பாஷ் நிறுவனத்தை 1886 ஆம் ஆண்டில் ஸ்டுட்கார்ட் நகரில் நிறுவியவர். உந்து பொறிகளுக்கான காந்தத் தீப்பொறிக் கருவி, டீசல் எரிபொருள் பம்பு ஆகியவற்றால் இவரது நிறுவனம் உலகப் புகழ் பெற்றது. கல், செங்கல், கான்கிரீட்டு ஆகியவற்றைத் துளைக்க உதவும் மின் சுத்தியல் துளைக்கருவி, 1932 ஆம் ஆண்டில் இவர் காலத்திலேயே இந்நிறுவனத்தால் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று தமிழகத்தில் கட்டடத் தொழிலாளர்கள் கையாளும் ஹேமர் டிரில் என்னும் கருவி அவ்வகையைச் சேர்ந்தது.

தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலையை 1906 ஆம் ஆண்டிலேயே நடைமுறைப்படுத்தியவர் என்பதும், தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பொதுப்பணிகளுக்கு விட்டுச்சென்றவர் என்பதும் இவருடைய சிறப்புகள். நாட்சி ஆட்சியை வெறுத்தபோதும், அவ்வாட்சியின் போர்த் தளவாட உற்பத்தியில் இவரது நிறுவனம் பெரும்பங்கு ஏற்றது என்பது இவர் வாழ்வின் மறுபக்கம்.

இளமை

ராபர்ட் பாஷ் தெற்கு ஜெர்மனியில் உல்ம் நகருக்கு அருகிலுள்ள ஆல்பெக் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த 12 குழந்தைகளில் இவர் 11 ஆவது குழந்தை. தந்தை சர்வேஷியஸ் பாஷ் நிலபுலன்களும் ஒரு விடுதியும் உடையவர். கல்வியில் நாட்டம் மிக்கவர். 1869 ஆம் ஆண்டில் குடும்பம் உல்ம் நகருக்குக் குடிபெயர்ந்தது. வேதியியலுக்கான நோபல் பரிசை 1931 ஆம் ஆண்டில் பெற்ற கார்ல் பாஷ் இவருடைய அண்ணன் மகன் ஆவார்.

பள்ளிப் படிப்பில் இவருக்குப் பெரிய ஈடுபாடு இருக்கவில்லை. 1876 முதல் 1879 வரை உல்ம் நகரில் நுண்கருவித் தொழில் பயின்றார். அங்குத் தமக்குக் கிடைத்த பயிற்சி போதாது என்ற மனக்குறை இவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது. பிற்காலத்தில் தம் ஆலையில் பயில்வோருக்கெனத் தனிப் பயிற்சிக்கூடம் அமைத்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

பயிற்சிக்குப் பின் பல ஊர்களில் வேலை செய்தார். ஓராண்டு படைப்பணியும் ஆற்றினார். ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் சிறிது காலம் பாடம் கேட்டு மின்னியலின் அடிப்படைகளைக் கற்றார். 1884 ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் தாமஸ் ஆல்வா எடிசனின் தொழிற்சாலையில் பணியாற்றினார். அங்கு நைட்ஸ் ஆப் லேபர் என்னும் தொழிலாளர் அமைப்பிலும் உறுப்பினர் ஆனார். அடுத்த ஆண்டு இங்கிலாந்து சென்று சீமன்ஸ் சகோதரர்கள் நிறுவனத்தில் வேலை செய்தபின் தாய்நாடு திரும்பினார்.

தொழிலின் தொடக்கம்

நவம்பர் 15, 1886 அன்று ஸ்டுட்கார்ட்டில் நுண்கருவிகளுக்கும் மின்னியலுக்குமான பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அவருடன் இருந்தவர்கள் ஒரு தொழிலாளியும் ஓர் எடுபிடிச் சிறுவனும் மட்டுமே. தொலைபேசி இணைப்பு, மின்மணி பொருத்துதல், பழுதுபார்த்தல் என்று கிடைத்த வேலை எல்லாவற்றையும் பட்டறை ஏற்றுக்கொண்டது. 1887 ஆம் ஆண்டில் அன்னா கைசர் என்பவரை மணந்தார்.

முதல் பத்து ஆண்டுகள் கடும் நெருக்கடியில் கழிந்தன. கடன் வாங்கியே தொழிலை நடத்த வேண்டியிருந்தது. வேலை குறைந்தபோது ஆட்களையும் குறைக்க நேர்ந்தது. 1890 ஆம் ஆண்டில் மிதிவண்டி ஒன்றை வாங்கி, அதில் வாடிக்கையாளர்களின் இடங்களுக்குச் சென்று, தம் ஆட்கள் செய்த வேலையை நேரில் பார்வையிட்டார். குறைபாடுள்ள பொருள் தம் பட்டறையிலிருந்து வெளியே செல்லக்கூடாது என்பதில் இவர் காட்டிய பிடிவாதம் பின்னாளில் நிறுவனத்தின் அடையாளமாயிற்று.

காந்தத் தீப்பொறிக் கருவி

1887 ஆம் ஆண்டில் வாடிக்கையாளர் ஒருவருக்காக, நிலையான எரிவளிப் பொறிக்குரிய காந்தத் தீப்பொறிக் கருவியைச் செய்துகொடுத்தார். மேக்னட்டோ எனப்படும் இக்கருவி மின்கலம் இன்றியே பொறியின் சுழற்சியைக் கொண்டு மின்பொறியை உண்டாக்கும். கருவியின் அடிப்படை அமைப்பு ஏற்கெனவே இருந்தது. பாஷ் அதை மேம்படுத்தினார்.

1897 ஆம் ஆண்டில் பிரடெரிக் சிம்ஸ் என்பவரின் மூன்று சக்கர உந்து வண்டிக்கு இக்கருவியைப் பொருத்தித் தரும் வேலை வந்தது. விரைவாகச் சுழலும் சிறிய பொறிக்குப் பழைய அமைப்பு ஈடுகொடுக்கவில்லை. பட்டறையின் தலைமைத் தொழிலாளி அர்னால்ட் ஸெரிங்கர் இதற்குத் தீர்வு கண்டார். 1902 ஆம் ஆண்டில் பொறியாளர் காட்லோப் ஹோனல்ட் உயர் மின்னழுத்தக் காந்தக் கருவியையும் அதனுடன் இணையும் ஸ்பார்க் பிளக்கையும் வடிவமைத்தார். வளர்ந்துவந்த தானுந்துத் தொழிலுக்கு இது இன்றியமையாததாக அமைந்தது.

இக்கண்டுபிடிப்புகள் பலவும் பாஷ் தாமே செய்தவை அல்ல. திறமையுள்ளவர்களைத் தேர்ந்து, அவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்து, விளைந்ததைக் கடுமையாகச் சோதிப்பதே இவருடைய வழி. இலண்டன், பாரிஸ், நியூயார்க் எனக் கிளைகள் பரவின. முதல் உலகப்போருக்கு முன் விற்பனையின் மிகப்பெரும் பகுதி வெளிநாடுகளிலேயே நடந்தது.

தொழிலாளர் நலன்

1906 ஆம் ஆண்டில் பாஷ் தம் ஆலையில் எட்டு மணி நேர வேலை முறையைக் கொண்டுவந்தார். ஜெர்மனியின் பிற ஆலைகள் பலவற்றில் அப்போது வேலை நேரம் இதைவிட மிகுதி. ஆலை இரு முறைகளில் இயங்கியதால் இயந்திரங்கள் ஓய்வின்றிப் பயன்பட்டன. களைப்பில்லாத தொழிலாளி தரமான பொருளைச் செய்தார். எனவே இது கருணையும் கணக்கும் சேர்ந்த முடிவு எனலாம். 1910 ஆம் ஆண்டில் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை அளிக்கப்பட்டது. நல்ல கூலியும் வழங்கியதால் சக முதலாளிகள் இவருக்குச் சிவப்பு பாஷ் என்று பட்டப்பெயர் சூட்டினர்.

எனினும் 1913 ஆம் ஆண்டில் இவரது ஆலையிலும் வேலைநிறுத்தம் நடந்தது, ஆலை மூடப்பட்டது. தொழிலாளரின் நண்பராகத் தம்மைக் கருதியிருந்த பாஷ் இதனால் மனம் கசந்து, அதுவரை விலகி நின்ற முதலாளிகள் சங்கத்தில் சேர்ந்தார்.

முதல் உலகப்போர்க் காலத்தில் நிறுவனம் படைத்துறைக்கான பொருள்களைச் செய்தது. போரால் வந்த ஆதாயத்தைத் தாம் வைத்துக்கொள்ள விரும்பாத பாஷ், பெருந்தொகையை நெக்கார் ஆற்றைக் கப்பல் போக்குவரத்துக்கு ஏற்றதாக்கும் திட்டத்துக்கும் பிற பொதுப்பணிகளுக்கும் அளித்தார். போரின்போது அமெரிக்கா முதலிய நாடுகளில் இருந்த நிறுவனச் சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. 1921 ஆம் ஆண்டில் மூத்த மகன் நீண்டகால நோயால் இறந்தது குடும்பத்துக்குப் பேரிழப்பாயிற்று. முதல் மணவாழ்க்கை முறிந்தபின் 1927 ஆம் ஆண்டில் மார்கரெட் வோர்ட்ஸ் என்பவரை மணந்தார்.

மின் கைக்கருவிகள்

1926 ஆம் ஆண்டில் ஜெர்மன் தானுந்துத் தொழில் பெரும் தேக்கத்தைச் சந்தித்தது. ஒரே தொழிலை நம்பியிருந்த பாஷ் நிறுவனம் ஆட்குறைப்புச் செய்ய நேர்ந்தது. அதன் பின்னரே நிறுவனம் பல துறைகளுக்குப் பரவியது. 1927 ஆம் ஆண்டில் டீசல் எரிபொருள் பம்பு உற்பத்தி தொடங்கியது. 1928 ஆம் ஆண்டில் போர்பெக்ஸ் என்னும் முடிவெட்டும் கருவி வெளிவந்தது. இதில் மின்னோடி கைப்பிடிக்குள்ளேயே அடங்கியிருந்தது. இந்த அமைப்பே நிறுவனத்தின் மின் கைக்கருவிகளுக்கு வித்திட்டது.

மின்சாரத்தால் இயங்கும் கைத்துளைக்கருவி இதற்கு முன்பே வந்துவிட்டது. ஸ்டுட்கார்ட்டிலேயே இயங்கிய பைன் நிறுவனம் 1895 ஆம் ஆண்டில் அதைச் செய்தது. அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் உடைய கருவிக்கு 1917 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது. ஆனால் சுழல்வதை மட்டுமே செய்யும் கருவி கான்கிரீட்டில் தடுமாறியது. கட்டடத் தொழிலாளர்கள் உளியைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே சுத்தியலால் அடித்துத் துளையிட்டனர். அழுத்தக் காற்றால் இயங்கும் பெரிய துளைப்பொறிகள் சுரங்கங்களில் இருந்தன. அவற்றுக்குக் காற்றழுத்தியும் நீண்ட குழாய்களும் தேவை.

1932 ஆம் ஆண்டில் வெளிவந்த பாஷ் சுத்தியல், கையால் திருப்புவதையும் அடிப்பதையும் ஒரே மின்கருவியில் இணைத்தது. மின்னிணைப்பு உள்ள இடமெங்கும் ஒருவரே தூக்கிச்சென்று சுவரைத் துளைக்கவும் உடைக்கவும் வழி பிறந்தது.

கருவி இயங்கும் முறையும் தேர்வும்

கான்கிரீட்டில் கருங்கல் ஜல்லியும் மணலும் சிமெண்டும் கலந்துள்ளன. சுழலும் அலகு ஜல்லியைத் தொட்டவுடன் அதை வெட்ட இயலாமல் உராய்ந்து சூடேறி மழுங்கும். கல் அடித்தால் நொறுங்கும் இயல்புடையது. ஆகவே அலகின் முனை கல்லை அடித்து நொறுக்க வேண்டும். சுழற்சி அடுத்த அடிக்குப் புதிய இடத்தைக் காட்டி, தூளை வெளியே தள்ள வேண்டும். எந்தச் சுவருக்கு எந்தக் கருவி என்ற கேள்விக்கு விடை இதில் அடங்கியுள்ளது. இக்காலத்தில் மூன்று வகைக் கருவிகள் கிடைக்கின்றன.

* சாதாரணத் துளைக்கருவி: சுழற்சி மட்டும் உடையது. தச்சரின் துரப்பணம் செய்யும் வேலையை இது விரைவாகச் செய்யும். மரம், தகடு, ஓடு, மென்மையான பூச்சு ஆகியவற்றுக்கு ஏற்றது.
* தட்டுத் துளைக்கருவி: கடைகளில் இம்பேக்ட் டிரில் எனப்படும். பற்களுள்ள இரு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவதால் அலகு முன்னும் பின்னும் அதிரும். தட்டுகள் நிமிடத்துக்குப் பல்லாயிரம் இருப்பினும் ஒவ்வொன்றும் வலுக்குறைந்தது. அதன் வலிமை, கருவியை அழுத்திப் பிடிப்பவரின் கையைப் பொறுத்தது. செங்கல் சுவரில் அலமாரி, படம், குழாய்க் கவ்வி மாட்டுவதற்கான 6 முதல் 10 மில்லிமீட்டர் துளைகளுக்குப் போதுமானது.
* சுத்தியல் துளைக்கருவி: ஹேமர் டிரில் என்று கேட்டு வாங்கப்படுவது பெரும்பாலும் இதுவே. மின்னோடி ஓர் உந்துதண்டை முன்னும் பின்னும் இயக்குகிறது. உந்துதண்டு தனக்கு முன்னுள்ள காற்றை அழுத்த, அக்காற்று ஓர் உருக்குக் குண்டலத்தை எறிய, அது அலகின் பின்புறத்தை அடிக்கிறது. அடிகள் நிமிடத்துக்குச் சில ஆயிரம் மட்டுமே. ஆனால் ஒவ்வொன்றும் வலியது. இரண்டு, மூன்று கிலோகிராம் எடையுள்ள சிறிய கருவியில் ஓர் அடியின் ஆற்றல் ஏறக்குறைய 2 முதல் 3 ஜூல் வரை இருக்கும். அடியைக் காற்றே கொடுப்பதால் கையால் வலிந்து அழுத்த வேண்டியதில்லை. தளம், தூண், விட்டம் ஆகிய கான்கிரீட்டுப் பகுதிகளுக்கு உரியது இதுவே.

வாங்குவோர் வாட் அளவை மட்டும் ஒப்பிடுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். தட்டுத் துளைக்கருவியின் வாட் அளவு கூடுதலாக இருந்தாலும் கான்கிரீட்டில் அது சிறிய சுத்தியல் துளைக்கருவிக்கு ஈடாகாது. சுத்தியல் வகையில் பார்க்க வேண்டியது அடியின் ஜூல் அளவு.

அலகின் முனையும் முக்கியம். சுவருக்கான அலகின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். க்ரூப் நிறுவனம் 1920களின் பிற்பகுதியில் இக்கடினப் பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலகைப் பிடிக்கும் முறையில் எஸ்.டி.எஸ் அமைப்பு 1970களில் வந்தது. ஜெர்மன் மொழியில் செருகு, திருப்பு, பூட்டு என்னும் பொருள் தரும் சொற்களின் முதலெழுத்துகள் இவை. இதில் அலகு முன்பின்னாக நகர இடம் இருப்பதால் அடி முழுமையாக முனைக்குச் செல்கிறது. பிளஸ் வகை அலகின் தண்டு 10 மில்லிமீட்டரும் மேக்ஸ் வகைத் தண்டு 18 மில்லிமீட்டரும் பருமன் உடையன. வீட்டுத் தேவைகளுக்குப் பிளஸ் வகை போதும்.

வலிமையான கருவி எல்லாச் சுவருக்கும் நல்லதன்று. தாமிரபரணி கடலில் கலக்குமிடத்துக்குத் தெற்கே உள்ள காயல்பட்டினம் போன்ற பழைய ஊர்களில், சுண்ணாம்புக் காரையில் கட்டிய வீடுகளும் புதிய கான்கிரீட்டு வீடுகளும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். காரைச் சுவரில் சுத்தியல் அடியைப் பயன்படுத்தினால் பூச்சு பெயரும், கல்லின் பிடிப்புத் தளரும், துளை அகன்று செருகி நிற்காது. அங்குச் சுழற்சி மட்டும் போதும். உட்குழிவுள்ள கட்டைகளுக்கும் இதுவே பொருந்தும். தரையோட்டில் துளையிடும்போது ஓட்டைக் கடக்கும்வரை அடியை நிறுத்திவைக்க வேண்டும். கான்கிரீட்டில் கம்பி தட்டுப்பட்டால் அவ்விடத்தை விட்டுச் சற்று விலகித் துளைப்பதே முறை. உப்புக்காற்றால் கம்பி துருப்பிடித்து உதிரும் கான்கிரீட்டைச் செதுக்கி எடுக்க, சுழற்சியை நிறுத்தி உளி பொருத்தும் வசதியுள்ள கருவி பயன்படும்.

துளையிடும்போது எழும் நுண்தூளில் சிலிக்கா உள்ளது. தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலை நிலையாகப் பாதிக்கும். முகக்கவசமும் கண்ணாடியும் கருவியோடு சேர்த்து வாங்க வேண்டியவை.

நாட்சி ஆட்சியில்

1933 ஆம் ஆண்டில் இட்லர் ஆட்சிக்கு வந்தபோது பாஷுக்கு வயது 71. மக்களாட்சியையும், பிரான்சுடன் இணக்கத்தையும், ஐரோப்பிய ஒற்றுமையையும் ஆதரித்து வந்தவர் இவர். நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹான்ஸ் வால்ஸ் முதலியோரின் துணையுடன், துன்புறுத்தப்பட்ட யூதர்களுக்கு வேலையும், நாட்டைவிட்டு வெளியேறப் பண உதவியும் அளிக்கப்பட்டன. இதற்காக வால்ஸ் 1969 ஆம் ஆண்டில் இசுரேலின் யாட் வாசெம் அமைப்பால் சிறப்பிக்கப்பட்டார். லைப்சிக் நகர மேயர் பதவியைத் துறந்த கார்ல் கோர்டலர் 1937 முதல் நிறுவனத்தின் ஆலோசகராக அமர்த்தப்பட்டார். அப்பதவி அவருடைய எதிர்ப்புப் பணிகளுக்கு மறைவாக உதவியது. இட்லரைக் கொல்ல 1944 ஆம் ஆண்டில் நடந்த முயற்சி தோல்வியுற்றபின் கோர்டலர் கைதாகி, 1945 ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டார்.

அதே காலத்தில் நிறுவனம் விமானங்களுக்கும் படை வண்டிகளுக்கும் தேவையான கருவிகளைச் செய்து பெரிதும் வளர்ந்தது. போர் ஆண்டுகளில் நிறுவனக் குழுமத்தின் ஆலைகளில் சுமார் 20,000 பேர் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்டனர். பாஷ் இறந்தபின், 1944 ஆம் ஆண்டில், பெர்லின் அருகே க்ளைன்மாக்னோ ஆலையில் வார்சாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண் கைதிகளும் வேலை வாங்கப்பட்டனர். ஒருபுறம் எதிர்ப்பும் மறுபுறம் ஒத்துழைப்பும் ஒரே நிறுவனத்துக்குள் நிகழ்ந்ததை, நிறுவனத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

மறைவு

ராபர்ட் பாஷ் மார்ச் 12, 1942 அன்று ஸ்டுட்கார்ட்டில் காலமானார். அவர் வெறுத்த அரசே அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தியது. பின்னாளில் மேற்கு ஜெர்மனியின் முதல் குடியரசுத் தலைவரான தியோடர் ஹாய்ஸ் இவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியுள்ளார்.

அறப்பணிகள்

ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 1910 ஆம் ஆண்டில் பத்து இலட்சம் மார்க் நன்கொடை அளித்தார். ஓமியோபதி மருத்துவத்தில் பற்றுக்கொண்ட இவர், 1940 ஆம் ஆண்டில் ஸ்டுட்கார்ட்டில் தம் பெயரிலான மருத்துவமனையைத் திறந்தார். நிறுவனத்தின் ஆதாயம் பொதுநலனுக்குப் பயன்பட வேண்டும் என்பது இவருடைய உயிலின் நோக்கம். அதன்படி 1964 ஆம் ஆண்டில் நிறுவனப் பங்குகளின் பெரும்பகுதி, இன்று ராபர்ட் பாஷ் அறக்கட்டளை எனப்படும் அமைப்புக்கு மாற்றப்பட்டது. பங்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை அவ்வறக்கட்டளையிடமே உள்ளன.

இந்தியாவில்

பாஷ் பொருள்களின் விற்பனை இந்தியாவில் 1922 ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் தொடங்கியது. 1951 ஆம் ஆண்டில் பெங்களூரில் மைக்கோ என்று சுருக்கமாக அறியப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி நிறுவப்பட்டு, ஸ்பார்க் பிளக்கும் டீசல் பம்புகளும் உற்பத்தி செய்யப்பட்டன. 2008 ஆம் ஆண்டில் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என மாற்றப்பட்டது. திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான் தொழிற்பேட்டையிலும் இந்நிறுவனத்துக்கு வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் ஆலை அமைந்துள்ளது.